சித்தி வீட்டுக்குப் போன வயர்

என் அண்ணன் ஒரு கோழை. பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று நேராகச் சொல்லத் தெரியாதவன். அவனால் நடந்த கூத்துக்கு இருபது வருடமாக நான் திட்டு வாங்குகிறேன்.

அப்போது நகரியில் எங்கள் வீட்டுக்கும் எதிர்வீட்டுச் சித்திக்கும் சேர்த்து ஒரே போன். தெருவின் குறுக்கே வயர் இழுத்திருந்தோம். மணி இரண்டு வீட்டிலும் அடிக்கும். தறியை நிறுத்திவிட்டு நாங்கள் ஓடி எடுத்தால், அங்கே சித்தியும் எடுத்து, "உங்களுக்கா, எங்களுக்கா?" என்பாள். (பதில் சொன்ன பிறகும் வைக்கமாட்டாள்.)

அமெரிக்காவுக்கு வேலைக்குப் போன அண்ணன் ஒரு பெட்டி அனுப்பினான். இன்டர்நெட்டில் அவன் பேசினால் வீட்டுப் போனிலேயே கேட்கலாமாம். திருப்பதியில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தவன் நான் (சர்டிபிகேட்டை ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தேன்). தெருக் கம்பத்திலிருந்து வந்த வயரைப் பெட்டியின் ஒரு துளையிலும், வீட்டுக்குள் போகும் வயரை இன்னொன்றிலும் செருகினேன். பச்சை விளக்கு எரிந்தது. ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் சொன்ன நேரத்துக்கு மணியடித்தது.

"டேய், சித்தி கேட்டுக்கினு இருக்கப்போவுதுடா."

"அது பழைய லைன்ணா. இது நெட்டு. எவனும் ஒட்டுக் கேக்க முடியாது. தைரியமா பேசு."

வீட்டுக்குள் போகும் வயர்தான் சித்தி வீட்டுக்கும் போகிறது என்பது சர்டிபிகேட் வாங்கிய மண்டைக்கு எட்டவில்லை.

"சித்தி பாத்து வச்ச திருப்பதிப் பொண்ணு வேணாண்டா. இங்க கூட வேலை செய்யற பொண்ணைத்தான் புடிச்சிருக்கு. லீவு கெடைக்கலன்னு சித்திகிட்ட சொல்லிடு. அது வேற ஊரு பூரா தம்பட்டம் அடிச்சிக்கினு கீது."

"நானும் லைன்ல தான் கீறேன் நைனா" என்றாள் சித்தி.

பிறகு ஓர் ஆண்குரல் கனைத்தது. பெண்ணின் அப்பா! ஞாயிற்றுக்கிழமை போன் வரும், மாப்பிள்ளையோடு பேச வைக்கிறேன் என்று சித்திதான் திருப்பதியிலிருந்து வரவழைத்திருக்கிறாள்.

"எனக்கும் கேட்டுச்சு பாபு. நீ லீவெல்லாம் போட வேணாம்."

அவரைப் பஸ் ஏற்றிவிட்டு, நூல் வெட்டும் கத்தரியோடு வந்த சித்தி வயரை வெட்டினாள். "அந்தச் சர்டிபிகேட்ட அடுப்புல போடுடா!" என்றாள். பிறகு இரண்டு வருடம் பேச்சில்லை. போன் எடுக்கும்போதெல்லாம் "உங்களுக்கா, எங்களுக்கா?" என்று யாராவது கேட்கமாட்டார்களா என்று இருக்கும்.

இன்று செல்போனில் கூப்பிட்டாலும் எங்கள் வீட்டில் யாரும் ஹலோ சொல்வதில்லை. "நானும் லைன்ல தான் கீறேன் நைனா" என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

அண்ணன் அவனுக்குப் பிடித்த பெண்ணையே கட்டிக்கொண்டான். "தம்பி வேணும்னே மாட்டிவிட்டான்" என்று சொல்லிக்கொண்டும் திரிகிறான்.

அண்ணா, அடுத்த மாதம் திருப்பதியில் உன் புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குச் சொந்தமெல்லாம் வரும். அத்தனை பேர் முன்னாலும் பதில் சொல். வேண்டாம் என்கிற ஒரு வார்த்தையைச் சித்தியிடம் நீயே ஏன் சொல்லவில்லை? சித்தி முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாள். இந்த முறை வயர் தேவைப்படாது.