கதவுக்காரரின் அரை மைல்

காலை ஏழு மணி பத்து நிமிடம். பாகூரிலிருந்து புதுச்சேரி போகும் சாலையில், பிரெஞ்சு மண் முடிகிற இடத்தில், எங்கள் மாட்டுவண்டி நின்றது. என்னோடு வந்தவர் கீழே இறங்கினார். செருப்பைக் கழற்றி வண்டிக்குள் வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். குடையைக் கக்கத்தில் இடுக்கினார். தோல்பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தார்.

அவரோடு நான் போன முதல் பயணம் அது. எழுந்து நின்றுவிட்டேன். வண்டிக்காரர் கோவிந்தன் பீடியைப் பற்றவைத்தார்.

"குந்துங்க வாத்தியாரே. அவருக்கு நெஞ்சுல வியாதி. அதான் ஓடறாரு."

பிரெஞ்சு இந்தியாவின் எல்லையை அவரளவுக்கு மதித்த மனிதர் பாகூரிலும் இல்லை, பாரிஸிலும் இருந்திருக்க முடியாது. ஊரில் அவருக்குக் கதவுக்காரர் என்று பெயர். மேரி என்று நாங்கள் சொல்லும் ஊராட்சி அலுவலகத்தில் பிறப்பு, இறப்புப் பதிவேடு எழுதும் குமாஸ்தா. வாரம் ஒருமுறை புதுச்சேரிக்குக் காகிதங்களைக் கொண்டுபோவது அவர் வேலை. நான் பள்ளி ஆசிரியர். பிரெஞ்சு வழக்கப்படி வியாழக்கிழமை எங்களுக்கு விடுமுறை. அன்று அவரோடு வண்டியில் தொற்றிக்கொண்டு போய், நகரத்துப் பத்திரிகை ஒன்றுக்குப் பாகூர்ச் செய்திகளைக் கொடுத்துவிட்டு வருவேன்.

பெயருக்குக் காரணம் புதுச்சேரி டாக்டர். இவர் மார்பில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "இதயத்துக்குள்ள ஒரு கதவு சரியா மூடல. கொஞ்சம் ரத்தம் பின்னால கசியுது. சின்ன வயசுக் காய்ச்சலோட வேலை. ஓடாதீங்க, பாரம் தூக்காதீங்க, பயப்படாதீங்க" என்றார். மூன்றில் இரண்டை இவர் எளிதாக மீறினார். பாரம் மட்டும் தூக்கவில்லை.

அன்று முதல் எந்தக் கதவும் திறந்து கிடப்பதை அவரால் பார்க்க முடியவில்லை. மேரியில் ஆறு கதவுகள். ஒரு வரி எழுதுவார், எழுந்து போய் ஒரு கதவைச் சாத்துவார், அடுத்த வரி எழுதுவார். சித்திரை மாதத்தில் மேயரே வியர்த்துப்போய் வெளியே வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டுக்கொண்டார்.

வியாதி உண்மை. அதன்மேல் அவர் கட்டிய மாடிகள் பல. காலை பத்து மணிக்குப் பதிவேட்டில் காலரா என்று எழுதினால் பதினொரு மணிக்கு அவர் வயிறு இரையும். காசம் என்று எழுதினால் இருமுவார். செலியமேட்டில் ஒருவர் தென்னையிலிருந்து விழுந்து இறந்ததைப் பதிந்த நாளில் மட்டும் ஆரோக்கியமாக இருந்தார். ஆனால் அடுத்த ஒரு வாரம் தென்னை மரங்களைச் சுற்றிக்கொண்டு நடந்தார்.

"வாத்தியாரே, காதை இங்க வச்சிக் கேளுங்க. இன்னா சத்தம் வருது?"

"லப்டப்புனு வருது."

"லப் பெரிசா இருக்குதா, டப் பெரிசா இருக்குதா?"

"ரெண்டும் ஒண்ணுதான்பா."

"ஒண்ணா இருக்கக் கூடாது" என்பார். முகம் வெளுத்துவிடும்.

சரி, ஓட்டத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்து நிலம் கந்தல் துணி மாதிரி. நடுவில் பிரிட்டிஷ் மண் ஒட்டுப் போட்டிருக்கும். அந்தச் சாலையில் அப்படி ஓர் அரை மைல். தெற்கு முனையில் மைல் கல், வடக்கு முனையில் கிலோமீட்டர் கல், இடையில் பிரிட்டிஷ் சுங்கச் சாவடி. சில ஆண்டுகளுக்கு முன், புதுச்சேரி ஆஸ்பத்திரியில் இறந்த ஒருவரை வண்டியில் பாகூருக்குக் கொண்டுவந்தபோது, சாவடிச் சேவகர்கள் வண்டியை நிறுத்தி, பிணத்தைப் புரட்டி, வைக்கோலை இரும்புக் கம்பியால் குத்திப் பார்த்தார்கள். இரண்டு புட்டி சாராயம் கிடைத்தது. இறந்தவரின் மருமகன் வைத்தது. எனவே சேவகர்கள்மேல் தப்புச் சொல்ல இடமில்லை. ஆனால் அதே வண்டியின் முன்புறம் உட்கார்ந்திருந்த நம் கதவுக்காரர் அந்தக் கம்பியைப் பார்த்துவிட்டார்.

சாவதைக்கூட அவர் ஒருவாறு ஏற்றுக்கொண்டிருந்தார். அந்த அரை மைலுக்குள் சாவதை ஏற்க முடியவில்லை. அதனால், எவ்வளவு குறைந்த நேரம் அங்கே இருக்கிறாரோ அவ்வளவு நல்லது என்று கணக்குப் போட்டார். வண்டியிலேயே விரைவாகப் போகலாமே என்று கேட்டேன்.

"மாடு நடுவுல படுத்துகிச்சின்னா?"

கோவிந்தன் கோபத்தில் அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

போகும்போது ஒரு ஓட்டம், திரும்பும்போது ஒரு ஓட்டம். பழைய சாவடி ஆட்களுக்கு இது பழகிவிட்டது. ஓடிக்கொண்டே பையை அகலத் திறந்து காட்டுவார். அவர்களும் உட்கார்ந்தபடியே எட்டிப் பார்த்துத் தலையாட்டுவார்கள். நான் வண்டியில் இருந்து, "விடாதீங்க, இன்னும் கொஞ்சந்தான்" என்று கத்துவேன். கேலிதான். இதை மறைக்க விரும்பவில்லை.

பிறகு சாவடிக்குப் புது இன்ஸ்பெக்டர் வந்தார். அவருடைய முதல் வியாழக்கிழமை, பையை மார்போடு அணைத்தபடி ஒரு பிரெஞ்சுக் குமாஸ்தா சாவடியைத் தாண்டி ஓடுகிறார். இன்ஸ்பெக்டர் என்ன நினைப்பார்?

"நில்லு" என்றார்.

நிற்பதற்கு அதைவிட மோசமான இடம் உலகத்தில் கதவுக்காரருக்கு இல்லை. இன்னும் வேகமாக ஓடினார். இரண்டு சேவகர்கள் துரத்தினார்கள். இருவருக்கும் வயது இருபதுக்குக் கொஞ்சம் மேல். இன்ஸ்பெக்டர் எங்கள் வண்டியில் தாவி ஏறி, "ஓட்டு" என்றார்.

"மாடு ஓடாது சாமி. அதுக்கு ஒண்ணும் வியாதி இல்ல" என்றார் கோவிந்தன்.

அந்த வண்டியில் நான் சிரிக்கவில்லை. டாக்டர் ஓடாதே என்று சொன்ன மனிதரை இரண்டு பேர் துரத்துகிறார்கள். இத்தனை நாள் நான் கத்தியதெல்லாம் காதில் திரும்பிக் கேட்டது. தூரத்தில் கல்லருகே மூன்று உருவங்கள் தெரிந்தன. அவற்றில் இரண்டு தரையில் கிடந்தன. நிற்பது எது என்று தெரிய வண்டி இன்னும் நூறு அடி போக வேண்டியிருந்தது.

நின்றது கதவுக்காரர். கிலோமீட்டர் கல்லுக்கு அந்தப் பக்கம், ஒரு கையில் கடிகாரத்தோடு நின்றார். மறு கையை எல்லைக்கு இந்தப் பக்கம் நீட்டி, புழுதியில் மல்லாந்து கிடந்த சேவகன் ஒருவனின் நாடியைப் பிடித்திருந்தார்.

"எனுக்கு நூத்திப் பத்து. உனுக்கு நூத்தி நாப்பது. எழுந்திருக்காதப்பா. அப்படியே படு. வூட்ல யாருக்காவது நெஞ்சு வலி உண்டா?"

"இல்லீங்க" என்று அவன் மூச்சு வாங்கினான்.

"எதுக்கும் டாக்டர்கிட்ட காட்டிடு."

இன்ஸ்பெக்டர் இறங்கிப் பையைக் கேட்டார். இவர் எல்லைக்கு மேலாகவே நீட்டினார். உள்ளே மேரிக் காகிதங்கள், டாக்டர் கொடுத்த மருந்துப் புட்டி, டாக்டர் சீட்டு, நாலாக மடித்த ஒரு கடிதம். இன்ஸ்பெக்டர் அதைப் பிரித்து உரக்கப் படித்தார்.

"இதைக் காண்பவருக்கு. நான் பாகூர் மேரியில் குமாஸ்தா. என் இதயத்தில் ஒரு கதவு சரியாக மூடாது. நான் இங்கே இறந்து கிடந்தால் என்னைக் கம்பியால் குத்த வேண்டாம். என்னிடம் சாராயம் இல்லை. வடக்கே கிலோமீட்டர் கல் இருக்கிறது. அதைத் தாண்டிக் கிடத்தினால் போதும். மீதியைப் பள்ளிக்கூட வாத்தியார் பார்த்துக்கொள்வார். பின்னால் வண்டியில் வந்துகொண்டிருப்பார். கேலி செய்வார், ஆனால் வருவார்."

நான் மாட்டின் கொம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்ஸ்பெக்டர் கடிதத்தை இன்னொரு முறை மனத்துக்குள் படித்தார். "எத்தனை வருஷமா ஓடறீரு?"

"நாலு வருஷமாங்க. வாரத்துக்கு ரெண்டு தடவ."

இன்ஸ்பெக்டர் தரையில் கிடந்த தம் ஆட்களைப் பார்த்தார். கடிதத்தோடு சாவடிக்கு நடந்துபோய்த் திரும்பி வந்தார். கீழே சிவப்பு மையில் ஒரு வரி எழுதியிருந்தார்: "சோதனையின்றி விடவும்." பக்கத்தில் பிரிட்டிஷ் சர்க்கார் முத்திரை. தம் பிணத்துக்குத் தாமே கையில் அனுமதிச் சீட்டு வைத்திருந்த மனிதர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துப் போனேன். நடந்ததைக் கேட்ட டாக்டர் வெகுநேரம் குழாயை வைத்துக் கேட்டார்.

"கதவு அப்பிடியேதான் இருக்குது. நாலு வருஷத்துக்கு முன்னால கேட்ட அதே கசிவு. ஒரு சொட்டுகூட ஏறல. இனிமே ஓடாதீங்க. ஆனா தெனமும் உங்களப் போட்டு அமுக்குறது அது இல்ல. பயம்."

"ரெண்டையும் எப்பிடிங்க பிரிக்கிறது?"

"மேட்டுல நடக்கறப்போ மூச்சு வாங்குனா கதவு. பதிவேட்ட எழுதிட்டு உக்காந்திருக்கறப்போ வந்தா பயம்."

"ரெண்டும் ஒண்ணா வந்தா?"

டாக்டர் என்னைக் காட்டினார். "இவரக் கூப்பிடுங்க."

மாலை திரும்பும்போது கிலோமீட்டர் கல்லருகே வண்டி நின்றது. பழக்கத்தில் செருப்பைக் கழற்றினார். பிறகு சட்டைப்பையில் கடிதத்தைத் தொட்டுப் பார்த்தார். செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டு இறங்கி நடந்தார். நானும் இறங்கினேன். அரை மைல் நடக்க இருபது நிமிடம் ஆனது. நடுவில் சாவடி வாசலில், காலையில் மல்லாந்து கிடந்த சேவகன் எழுந்து நின்று கேட்டான்:

"இன்னாங்க, திரும்பறப்ப ஓடலியா?"

"உனுக்கு இப்ப எவ்ளோ?"

"எண்ணலீங்க."

"எண்ணு" என்று சொல்லிவிட்டு நடந்தார். அந்தப் பாதையில் வயல்களும் ஒரு குளமும் இருப்பதை அன்றுதான் பார்த்தாராம்.

பயம் போய்விட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். போகவில்லை. மேரியின் கதவுகளில் நாலு சாத்தியும் இரண்டு திறந்தும் இருக்கும் அளவுக்குக் குறைந்தது. மேயர் உள்ளே திரும்பினார். புது இன்ஸ்பெக்டர் யாராவது மாற்றலாகி வந்தால், இவர் முதல் வாரமே கடிதத்தை நீட்டிப் புது முத்திரை வாங்கிக்கொள்வார். யுத்த காலத்தில் இரண்டு சர்க்காரும் பேசிச் சுங்கத்தை ஒன்றாக்கியபோது சாவடியைக் காலி செய்தார்கள். மேசை நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தவர்களிடம் இவர் போய் நின்றார்.

"இனிமே யாரும் எதையும் தொறந்து பாக்க மாட்டாங்கய்யா."

"இருந்தாலும் ஒண்ணு போட்டுடுங்க."

மூட்டையை அவிழ்த்து முத்திரையை எடுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். ஒன்பதாவது.

அப்புறம் நான் பத்திரிகை வேலைக்குச் சென்னை வந்துவிட்டேன். போன மாதம் பாகூர் போயிருந்தேன். கதவுக்காரருக்கு எழுபத்து மூன்று வயது. மார்பில் காதை வைத்துக் கேட்கச் சொன்னார், கேட்டேன். கடிதம் சட்டைப்பையில் இருக்கிறதா என்று கேட்டேன். எடுத்துக் கொடுத்தார். மடிப்புகளில் கிழிந்து, பின்னால் தாள் ஒட்டியிருந்தது. கடைசி வரியில் "கேலி செய்வார், ஆனால்" என்பதை மையால் அடித்திருந்தார். "வருவார்" என்பது மட்டும் இருந்தது.