பார்க்மன் வம்ச வரலாற்றுக்கு ஒரு பிழைதிருத்தம்

லிண்டன்ஃபெல்ட், மானிடோபா
7 மே 1962

கர்த்தருக்குள் பிரியமான அக்கா அகநேத்தாவுக்கு, தம்பி ஐசக் பணிவோடு எழுதிக்கொண்டது.

இங்கே நானும் டீனாவும் எல்ஃப்ரீடாவும் நானூற்றுப் பத்துக் கோழிகளும் கர்த்தருடைய கிருபையால் சுகம். அங்கே நீயும் உன் ராஸ்பெரித் தோட்டமும் அத்தானும் சுகமாயிருக்க தினமும் ஜெபிக்கிறேன். அத்தானைக் கூடுதலாக ஒரு தடவை சொல்லியே ஜெபிக்கிறேன். நான் அச்சிட்ட ‘பார்க்மன் வம்ச வரலாறு’ 212ஆம் பக்கத்தில், அத்தான் டீட்ரிக் 1951இல் நித்திரையடைந்தார் என்று போட்டுவிட்டேன். அதற்காக நீ மூன்று வருஷமாக எனக்கு ஒரு வரி எழுதவில்லை. நித்திரையடைந்தது வேறு டீட்ரிக், அக்கா. நான் அச்சகத்துக்கு ஓடிப்போய்க் கெஞ்சினேன். “இருநூறு பிரதியும் தைச்சாச்சு, இனிமே அவரா மனசு வெச்சாத்தான் சரியாகும்” என்று அந்த மனுஷன் சொன்னான். மன்னித்துவிடு. அத்தானையும் மன்னிக்கச் சொல். ஏனென்றால் இப்போது உன்னிடம் ஒரு பெரிய உதவி கேட்டு வந்திருக்கிறேன், கோபத்தோடு செய்யக்கூடிய உதவியில்லை அது.

என் மகள் எல்ஃப்ரீடாவுக்குக் கல்யாணம் கூடி வந்தது. கூடி வந்ததைக் கெடுத்தவன் நான். மாப்பிள்ளை வில்மர் க்ளிப்பன்ஸ்டைன், சஸ்காட்செவானில் டிராக்டர் பழுது பார்க்கிறவன், தங்கமான பையன், நகக்கண்ணில் மட்டும் எப்போதும் கிரீஸ். இவளுக்கு இருபத்தெட்டு வயது. முன்னால் வந்த மூன்று பையன்களும் எல்ஃப்ரீடாவைப் பார்த்து ஓடவில்லை, என்னைப் பார்த்துத்தான் ஓடினார்கள் என்று என் வீட்டுக்காரி டீனா சொல்வாள். உங்கள் தாத்தா யார், அவருடைய தாத்தா ரஷ்யாவில், மொலொச்னாவில் எந்தக் கிராமம் என்று நான் கேட்கக் கேட்க, இரண்டாவது கோப்பைக் காபிக்குள் அவர்கள் தொப்பியைத் தேட ஆரம்பித்துவிடுவார்களாம். அதனால் வில்மரின் அப்பா அம்மா முதல் தடவையாக வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், டீனா பன்னுக்கு மாவு பிசைந்த கையோடு என் முன்னால் வந்து நின்றாள். “அப்பா பேரு, அம்மா பேரு, அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு தலைமுறை ஏறினீங்க, கோழிக்கூண்டுலதான் படுக்கை” என்றாள். சரியென்று வாக்குக் கொடுத்தேன்.

வந்தார்கள். அப்பா பெர்ன்ஹார்ட் வாயே திறக்காத மனிதர். வந்ததிலிருந்து போகும்வரை “உப்பு” என்று ஒரு வார்த்தைதான் சொன்னார். அம்மா ஹெலனா மருத்துவச்சி, முந்நூற்று எண்பது பிரசவம் பார்த்தவள், எதிரே இருப்பவர் வயிற்றில் என்ன இருக்கிறதென்று பார்த்தே சொல்லிவிடுவாள் போன்ற கண். மேஜையில் இரட்டைப் பன், பிளம் ஜாம், பன்றித்தொடை, வெள்ளரி ஊறுகாய், எல்லாம் இருந்தது. எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் ஹெலனாவிடம் ரொம்ப மரியாதையாக, “உங்கம்மா பேரென்ன?” என்று மட்டும் கேட்டேன்.

“கத்தரீனா.”

“பொறந்த வீட்டுப் பேரு?”

மேஜைக்கு அடியில் டீனா என் காலை மிதித்தாள்.

“அதுவும் பார்க்மன்தான்” என்றாள் ஹெலனா. “இந்தப் பக்கத்துக்காரங்கதான்னு கேள்வி. எங்கம்மா பொறந்த வீட்டைப் பத்திப் பேசவே மாட்டாங்க.”

அக்கா, அந்த இடத்தில் புத்தியுள்ளவன் ஊறுகாயை எடுத்து வாயில் போட்டிருப்பான். நான் மாடிக்கு ஓடிப்போய்ப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன். 31ஆம் பக்கம்: யாக்கோபு தாத்தாவின் கடைசி மகள் கத்தரீனா, 1905இல் வேறு சபைக்காரனைக் கட்டிக்கொண்டு மேற்கே போனவள், சபை அவளைத் தள்ளிவைத்தது, தாத்தா சாகும்வரை அவள் பேரை எடுக்கவில்லை, அதற்குப் பிறகு ‘தகவல் இல்லை’. என் புத்தகத்தில் ஐம்பத்தேழு ‘தகவல் இல்லை’ இருக்கின்றன. அதில் ஒன்று என் வீட்டு மேஜையில் உட்கார்ந்து ஜாம் தடவிக்கொண்டிருந்தது. சந்தோஷம் தாங்காமல் நான் கையைத் தட்டி, “நீங்க என் சொந்த அத்தை மக!” என்று கத்தினேன். யாரும் கை தட்டவில்லை. ஹெலனா கத்தியை மெதுவாகத் தட்டில் வைத்தாள். “அப்ப இதுங்க ரெண்டும்?” என்று எல்ஃப்ரீடாவையும் வில்மரையும் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“நான் முந்நூத்தி எண்பது பிள்ளைங்களைக் கையில வாங்கியிருக்கேன்” என்றாள். “நெருங்கின சொந்தத்துல கட்டினவங்க வீட்டுல நான் வெள்ளைத்துணி சுத்திக் குடுத்ததும் உண்டு. எனக்குப் பயமா இருக்கு. இது யோசிக்கணும்.” நுணலும் தன் வாயால் கெடும் என்பது என்னைப் பார்த்துச் சொன்னதுதான். எல்ஃப்ரீடா எழுந்து தட்டுகளை அடுக்கினாள். என் பக்கத்தில் வந்தபோது, “இப்ப சந்தோஷமாப்பா?” என்று கேட்டாள். அதற்கப்புறம் இன்றுவரை என்னோடு பேச்சில்லை. காபியைக் கோழிக்குத் தீனி வைப்பது மாதிரி வைத்துவிட்டுப் போகிறாள். வில்மர் தினமும் சாயங்காலம் வந்து, பழுதேயில்லாத என் டிராக்டரைப் பிரித்து மாட்டிவிட்டுப் போகிறான். க்ளிப்பன்ஸ்டைன்கள் மூன்று பேரும் பக்கத்து ஊர் ஸ்டைன்பாக்கில் ஒரு சிநேகிதி வீட்டில் தங்கியிருக்கிறார்கள். அடுத்த வாரம் விதைப்புக்கு ஊர் திரும்பியாக வேண்டும், அதற்குள் ஒரு முடிவு சொல்வதாக ஹெலனா சொல்லியிருக்கிறாள்.

வினை விதைத்தவன்தானே அறுக்க வேண்டும்? புதன்கிழமை மூப்பர் ப்ளெட் வீட்டுக்குப் போனேன். பழைய சபைப் பதிவேடு அவருடைய பெட்டியில்தான் கிடக்கிறது. நம் சபையில் ஒரே காலத்தில் நான்கு கத்தரீனா பார்க்மன் இருந்தார்கள், உனக்கே தெரியும். கொல்லன் மகள், வாத்துக்காரர் மகள், ஒற்றைக்கண்ணர் மகள், நம் தாத்தா மகள். ஹெலனாவின் அம்மா வாத்துக்காரர் மகளாக இருந்துவிட்டால் என் தலை தப்பும். மத்தியானம் வரை தேடினேன். இல்லை, நம் தாத்தா மகள்தான், தேதி மாதம் எல்லாம் பொருந்தியது. வாழ்நாளில் முதல் தடவையாக என் புத்தகத்தில் ஒரு விஷயம் சரியாக இருந்தது, அது இதுவாக இருந்தது. சும்மா மூடுவானேன் என்று, புத்தகம் எழுதும்போது அப்பா சொன்னதே போதுமென்று நான் பார்க்காமல் விட்ட முன்பக்கங்களைப் புரட்டினேன். அங்கே அப்பா இருந்தார்.

அப்பா சொல்கிற கதை உனக்கு மறந்திருக்காது. மூன்று வயதில் நம் மார்கரேத்தா பாட்டியின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு ரஷ்யாவை விட்டுக் கப்பலேறியது, ஹாம்பர்க்கில் யாரோ ஓர் ஆரஞ்சுப்பழம் கொடுத்தது. என் புத்தகமே அந்த ஆரஞ்சில்தான் தொடங்குகிறது. பதிவேட்டில், பழைய ஜெர்மன் கையெழுத்தில், இப்படி இருந்தது: 1874 ஜூலை 19, கியூபெக் துறைமுகத்துக் கொட்டகை, யாக்கோபு பார்க்மனின் மகன் ஆபிரகாம், மூன்று வயது, மணல்வாரி அம்மையால் இறந்து காலையில் அடக்கம். அதற்குக் கீழே, அதே மையில்: சாயங்காலம் விதவை ரெம்பெல் இறந்தாள். அவள் மகன் மார்ட்டினுக்கும் மூன்று வயது. யாக்கோபும் மார்கரேத்தாவும் எடுத்துக்கொண்டார்கள். ஆபிரகாம் என்று அழைக்கப்படுவான்.

நம் ஜனங்களிடம் ஒரு பிள்ளை இறந்தால் அந்தப் பேர் அடுத்த பிள்ளைக்குப் போகும். உனக்கு முன்னால் ஓர் அகநேத்தா இருந்தாளே, அவள் கல்லறையில் தன் பேரைப் பார்த்துவிட்டு நீ எட்டு வயதில் ஒரு வாரம் அழுதாயே. அடுத்த பிள்ளை சாதாரணமாகப் பிறந்து வரும். இந்தப் பிள்ளை தன் காலாலேயே நடந்து வந்திருக்கிறது. நம் அப்பா ஆபிரகாம் பார்க்மன் இல்லை, அக்கா. மார்ட்டின் ரெம்பெல்.

மூப்பர் பதறிப்போய், “என்னப்பா ஐசக், தண்ணி வேணுமா?” என்றார்.

“நான் பார்க்மன் இல்ல, மூப்பரே.”

“அதுக்கா அழுவுறே? உன் கோழிங்ககிட்ட சொல்லாம இருந்தாப் போதும்.”

அழவில்லை, சந்தோஷம் என்றேன். இரண்டும்தான். அப்பா தாத்தாவின் இரத்தமில்லையென்றால், கத்தரீனா அப்பாவின் இரத்தத் தங்கையில்லை. ஹெலனா எனக்கு அத்தை மகள் இல்லை. எல்ஃப்ரீடா தாராளமாகக் கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம். ஒரு பக்கம் என் மகள் வாழ்வு, மறுபக்கம் நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். 1959இல் நம் குடும்பக் கூடுகையில் நூற்று நாற்பது பேர் முன்னால் பார்க்மன் மூக்கைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினேனே, அது ரெம்பெல் மூக்கு. வீட்டுக்கு வந்து சொன்னபோது டீனா, “முப்பது வருஷமா எதுக்கெடுத்தாலும் இது பார்க்மன் பிடிவாதம்னு சொல்லி என்னை அடக்கினீங்களே, அப்ப அது யாரு பிடிவாதம்?” என்று கேட்டாள்.

ஆனால் வண்டியோட்டி வரும்போது நான் நினைத்தது மார்கரேத்தா பாட்டியைத்தான். காலையில் தன் பிள்ளையைப் புதைத்த கையால் சாயங்காலம் இன்னொருத்தி பிள்ளையைத் தூக்கியிருக்கிறாள். செத்த பிள்ளையின் கோட்டைத்தான் அதற்குப் போட்டிருப்பாள், வேறு ஏது? அப்பாவிடம் ஒரு நாளாவது அவள் வித்தியாசம் காட்டியதாக நமக்குத் தெரியுமா? நான் சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டு நன்றாகவே அழுதேன். பால்வண்டிக்காரன் இறங்கி வந்து டயர் பஞ்சரா என்று விசாரித்தான்.

இனி உன் உதவி. ஹெலனாவிடம் போய்ச் சொன்னேன். அவள் லேசில் நம்புகிற ஆளா? “பதிவேட்டுல எழுதினவரு கப்பல்ல வந்த களைப்புல எழுதியிருந்தா? பெத்தவ கைப்பட எழுதினது இருந்தா காட்டுங்க. குடும்ப வேதாகமத்துல இருக்கும்” என்றாள். நியாயம்தான். பாட்டியின் வேதாகமம் உன்னிடம் இருக்கிறது. அதன் முதல் ஏட்டில் பிறப்புகளைப் பார். ஆபிரகாம் என்ற இடத்தில் சின்னதாக ஒரு பேர் எழுதிச் சுரண்டியதாக எனக்கு ஒரு மங்கலான ஞாபகம். அது மார்ட்டினா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, உடனே ஒரு தந்தி கொடு. நாற்பது வருஷமாக நாம் யார் யாரென்று ஊரெல்லாம் கேட்டு அலைந்தவன், இன்று நாம் யாருமில்லை என்று உன்னை நிரூபிக்கச் சொல்லிக் கேட்கிறேன். எல்ஃப்ரீடா கல்யாணம் ஜூன் 16, சனிக்கிழமை. உன் தந்தியில்தான் இருக்கிறது.

டீனா உனக்கும் அத்தானுக்கும் அன்பு சொல்லச் சொன்னாள். எல்ஃப்ரீடா என்னோடு பேசாததால் அவள் சார்பில் நானே சொல்லிக்கொள்கிறேன். சபையாரின் ஸ்தோத்திரங்கள். உங்கள் தோட்டத்தில் பனி விழாமலும், வீட்டில் நோய் நுழையாமலும், கர்த்தர் காவலிருப்பாராக.

இப்படிக்கு உன் தம்பி,
ஐசக் (மீதியை எழுதக் கை கூசுகிறது)

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டிவிட்டேன், மறுபடி பிரித்தேன். தந்தி வேண்டாம். நேற்று நான் ஹெலனாவிடம் சொன்னதை அவள் ராத்திரிச் சாப்பாட்டில் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறாள். இன்று மத்தியானம் இரண்டு பேரும் வந்து நின்றார்கள். பெர்ன்ஹார்ட் தொப்பியைக் கழற்றாமலே, “எங்கம்மா ரெம்பெல்” என்றார்.

என் கை தானாகப் பென்சிலைத் தேடியது, டீனா அதற்கு முன்பே எடுத்து வைத்துக்கொண்டாள். ராத்திரி அவரிடமிருந்து வார்த்தை வார்த்தையாகப் பிடுங்கியதை ஹெலனா சொன்னாள்: அந்த விதவையின் புருஷனுக்குப் பேதுரு என்று ஒரு தம்பி. அவர் இரண்டு வருஷம் கழித்துக் குடும்பத்தோடு கப்பலேறி வந்து, கியூபெக்கில் அண்ணியையும் பையனையும் விசாரித்திருக்கிறார். எல்லாரும் மணல்வாரியில் போய்விட்டார்கள் என்று சொல்லிவிட்டார்களாம். அந்தப் பேதுருவின் மகள்தான் பெர்ன்ஹார்டின் அம்மா. ஆக நான் ஒரு வாசல் வழியாகச் சொந்தத்திலிருந்து வெளியே போய், மறு வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டேன். எல்லாரும் ஹெலனாவைப் பார்த்தோம். அவள் விரல்விட்டு எண்ணினாள். மறுபடி எண்ணினாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “நாலு தலைமுறை தள்ளி. இதுக்கும் தூரமா வேணும்னா சீனாவுலேருந்துதான் மாப்பிள்ளை வரணும். நடக்கட்டும், அண்ணே” என்றாள்.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எல்ஃப்ரீடா உள்ளே வந்து, “அப்பா, காபி ஆறுது” என்றாள். எட்டு நாளைக்குப் பிறகு. நான் குடித்தேன், ஆறித்தான் போயிருந்தது, அவ்வளவு நல்ல காபி நான் குடித்ததில்லை.

போகும்போது பெர்ன்ஹார்ட் என் கையைப் பிடித்துக்கொண்டார். “பேதுரு தாத்தா தினமும் ஜெபத்துல இறந்தவங்க பேரை வரிசையாச் சொல்லுவாரு. கடைசிப் பேரு மார்ட்டின். குட்டி மார்ட்டின்னுதான் சொல்லுவாரு” என்றார். அவர் பேசி இவ்வளவு நீளமாக யாரும் கேட்டதில்லையாம், ஹெலனாவே சொன்னாள். அவர்கள் பக்கத்தில் அவனை அத்தனை வருஷம் செத்தவனாக அழுதிருக்கிறார்கள். அவனோ இங்கே எழுபது வயதுவரை கோதுமை விதைத்து, நம் இருவரையும் தோளில் தூக்கி வளர்த்திருக்கிறான். ஆகையால் அக்கா, தந்திதான் வேண்டாம், வேதாகமத்தைப் பிரிக்காமல் விட்டுவிடாதே. சுரண்டிய இடத்தில் அந்தப் பேர் இருந்தால் அப்படியே விடு. இல்லாவிட்டால் நல்ல பேனாவாக எடுத்து, ஆபிரகாமுக்குப் பக்கத்தில் நீயே எழுதிவிடு.