கஸ்பார் காரின் இடது பின்டயர்

நான் சொல்லப்போவது அத்தனையும் சத்தியம். ஒரு சொல் பொய்யென்றாலும், அடுத்தமுறை மெயின்லேண்டுக்குப் போகும்போது என் பெட்டி ஒரு கப்பலிலும் நான் ஒரு கப்பலிலும் போகக்கடவது. அந்தமானில் இதைவிடப் பெரிய சாபம் கிடையாது. ஆகையால் நம்பிவிட்டே மேலே படியுங்கள்.

ஹேடோ துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் மேஸ்திரியாக இருந்து ஓய்வுபெற்றவர் கஸ்பார். சாய்ந்த கப்பலை நிமிர்த்துவதில் பேர்போனவர். கரையில் நின்றபடியே ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பார். "இடப்பக்கத்துச் சிமெண்ட் மூட்டைய வலப்பக்கம் தள்ளு" என்பார். தள்ளுவார்கள். கப்பல் நிமிரும். ஒருதடவை அவர் தும்மியதிலேயே ஒரு கப்பல் நிமிர்ந்துகொண்டதாம். நான் பார்க்கவில்லை. தும்மல் சத்தம் மட்டும் கேட்டது.

அப்பேர்ப்பட்டவர் ஒருநாள் குட்வில் எஸ்டேட்டில், தன் வீட்டு வாசலில், பழைய காருக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். வலது பின்டயர் மாப்பிள்ளை மாதிரி இருந்தது. இடது பின்டயர் வெளி ஓரத்தில் மாப்பிள்ளை, உள் ஓரத்தில் மாமனார். அப்படி ஒரு வழுக்கை. கஸ்பார் ஒற்றைக் கண்ணை மூடினார். இடப்பக்கம் பாரம் அதிகம் என்று தீர்ப்பு எழுதினார்.

அந்த இடப்பக்கத்துப் பாரம் அவருடைய மனைவி அமுதம். அங்கேதான் சிக்கல்.

மகன் நெல்சன் இருந்தவரை அமுதம் காரில் முன்சீட்டில்தான் உட்காருவாள். காற்று மாறிய ஒருநாள், போகாதே என்று அப்பன் சொல்லச்சொல்லக் கேட்காமல் டிங்கிப் படகை எடுத்துக்கொண்டு மீனுக்குப் போனான் அவன். டிங்கி திரும்பவில்லை. அவன் மட்டும் கரை ஒதுங்கினான். அடக்கத்தன்று கஸ்பார் கல்லறைத் தோட்டத்துக்குள் வரவேயில்லை. வாசலுக்கு வெளியே நின்று, "என் பேச்சக் கேக்காமப் போனவன் கிடக்குத மண்ண என் காலு மிதிக்காது" என்று பங்குச் சாமியார் காதிலும் விழும்படிச் சொன்னார். அன்று வீடு திரும்பும்போது அமுதம் பின்கதவைத் திறந்து ஏறினாள். அதோடு முன்னால் வருவதை விட்டாள். "நெல்சன் அப்பா" என்று கூப்பிடுவதையும் விட்டாள். கஸ்பார் வெறும் "இந்தாங்க" ஆகிப்போனார்.

அவர் ஓட்டுவார், அவள் பின்னால் இருப்பாள். அபர்தீன் பஜாரில் ஒரு வங்காளிக்காரர் கைகாட்டி நிறுத்தி, "டாக்ஸி காலி ஹை க்யா?" என்று கேட்டார். கஸ்பார் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து அமுதம், "நஹீ, சவாரி ஹை" என்று, ஏற்கெனவே சவாரி இருப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டாள். அன்றைக்கு முழுக்கக் கஸ்பாருக்குச் சோறு இறங்கவில்லை.

பக்கத்தில் வந்து உட்கார் என்று கேட்க அவருக்கு ஆசை. கேட்கத்தான் வாய் வராது. கப்பல் பாஷைதான் வரும். அதனால் டயரைப் பிடித்துக்கொண்டார்.

"இடது பின்டயர் ஏன் தேயுது தெரியுமா?"

"ஓடுறதால."

"உள்பக்கம் மட்டும் தேயுது. பின்னால இடப்பக்கத்துல பாரம்."

"என்னையா சொல்லுதீய?"

"பொதுவாச் சொன்னேன். பாரத்த முன்னால மாத்துனா சரியாயிரும்."

"முன்னால வலப்பக்கம் நீங்க. பின்னால இடப்பக்கம் நான். சமமாத்தான இருக்கு?"

இதெல்லாம் கப்பல் சமாச்சாரம், கரையில் இருக்கிறவர்களுக்குப் புரியாது என்று கஸ்பார் ஒதுங்கிக்கொண்டார். அமுதம் "சரி" என்றாள். அவள் சரி என்றால் பயப்பட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பினால், பின்சீட்டில் வலப்பக்கம் ஒரு மணல் மூட்டை உட்கார்ந்திருந்தது. பெல்ட்டும் போட்டிருந்தது. இடப்பக்கம் அமுதம்.

"இப்ப கப்பல் நிமிந்துட்டா?" என்றாள்.

அன்றுமுதல் கஸ்பாருக்கு இரண்டு சவாரி. கோயில் வாசலில் பக்கத்து வீட்டுப் புஷ்பா எட்டிப் பார்த்து, விருந்தாளி எந்த ஊர் என்று விசாரித்தாள். மூட்டை எல்லாப் பூசைக்கும் வந்தது. ஞானஸ்நானம் ஒன்றுதான் பாக்கி. டயரோ திருந்தவில்லை. உள் ஓரத்தில் கம்பி எட்டிப் பார்த்தது.

வேறு வழியில்லாமல் டாலிகஞ்சில் சுரேந்திரன் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனார். தனியாகப் போகத்தான் நினைத்தார். அமுதம் மூட்டையோடு ஏறிக்கொண்டாள்.

சுரேந்திரன் அளந்து பார்த்துவிட்டு, முன்சக்கரம் இரண்டும் ஒழுங்காக இருப்பதாகச் சொன்னான். இடது பின்சக்கரம்தான் தலையை உள்ளே சாய்த்துக்கொண்டு நிற்கிறது. சக்கரத்தைத் தாங்குகிற அச்சு வளைந்துவிட்டது. இந்த வண்டியில் பின்பக்க அலைன்மென்ட்டைத் திருகி நேராக்க வழி கிடையாது, அச்சையே மாற்ற வேண்டும், அது மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வர வேண்டும் என்றான்.

"பாரத்துல வளைஞ்சிருக்குமோ?" என்றார் கஸ்பார்.

"அம்மா வெயிட்டுக்கா? இது எதுமேலயோ திரும்பத் திரும்ப ஏறி விழுந்த சக்கரம், அண்ணே. எங்க ஏத்துறீங்க?"

கஸ்பார் ஸ்பீடு பிரேக்கரைச் சொன்னார். பள்ளத்தைச் சொன்னார். மழையைச் சொன்னார். சுரேந்திரன் சக்கரத்தைக் கழற்றித் திருப்பி வைத்தான். இரும்பு வட்டின் உள்விளிம்பு நசுங்கியிருந்தது. நசுங்கலில் நீலப் பெயிண்ட் அப்பியிருந்தது. படகு ஏதாவது உரசியிருக்கும் என்றார் கஸ்பார். படகு ரோட்டிலா நின்றது என்று கேட்டான் சுரேந்திரன்.

அமுதம் இறங்கி வந்தாள். அந்த நீலத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

கல்லறைத் திருநாளுக்கு முன்னால் அவரவர் கல்லறையை அவரவர் கழுவிப் பெயிண்ட் அடிப்பது வழக்கம். நெல்சனுடைய கல்லறைக்கு அவன் டிங்கியின் நீலத்தையே அடிக்க வேண்டும் என்று அமுதம் இரண்டு டப்பாவைக் கலந்து கலந்து அந்த நிறத்தைக் கொண்டுவந்திருந்தாள். மிஞ்சியதை, யாரும் இடறி விழ வேண்டாமென்று, கல்லறைத் தோட்டத்து வாசல் கல்லுக்கும் அடித்துவிட்டாள். போர்ட் பிளேரில் வேறெங்கும் அந்த நீலம் கிடையாது.

"சனிக்கிழமை மீன் வாங்கப் போறேம்பீயளே," என்றாள், "அங்கதானா?"

கஸ்பார் சக்கரத்தைப் பார்த்தார்.

"ரிவர்ஸ்லயா போனீய?"

"நேராப் போயி அவன் முன்னால நின்னா இறங்கணும்னு தோணுமே." அவர் அந்த நசுங்கலைத் தடவினார். "பின்பக்கமாப் போனா கண்ணாடியில பாத்துக்கிடலாம். இடது சக்கரம் அந்தக் கல்லுமேல ஏறி நின்னாத்தான் அவன் தெரியுதான்." தன் காலைக் காட்டி, "காலு மிதிக்கல, அமுதம். டயருதான்" என்றார்.

சுரேந்திரன் ஸ்பேனரைத் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு உள்ளே போனான். ஸ்பேனர் அவன் கையிலேயே இருந்தது.

சக்கரத்தை மாட்டியதும் அமுதம் கையை நீட்டினாள். "சாவியக் குடுங்க."

"ஒனக்கு ஓட்டத் தெரியாதே."

"அவன் சொல்லிக் குடுத்தான். அப்பாகிட்ட இப்பச் சொல்லாத, ஒருநாள் ஓட்டிக் காட்டுவோம்னான்."

கஸ்பார் சாவியைக் கொடுத்துவிட்டுப் பின்கதவைத் திறக்கப் போனார்.

"அங்க உக்காந்தா டயர் தேயும்," என்றாள் அமுதம். "முன்னால வாங்க, நெல்சன் அப்பா."

மெதுவாகத்தான் ஓட்டினாள். நேராகக் கல்லறைத் தோட்டத்துக்கு. முன்மூக்காக உள்ளே விட்டாள். நீலக் கல்லில் ஒரு சக்கரமும் படவில்லை. நீலக் கல்லறைக்கு முன்னால் வண்டியை நிறுத்தினாள். கஸ்பார் கதவைத் திறந்தார், காலை மட்டும் கீழே வைக்கவில்லை. அடக்கத்தன்று அத்தனை பேர் முன்னால் சொன்ன சொல் என்றார்.

அமுதம் பின்சீட்டுப் பெல்ட்டைக் கழற்றி, மணல் மூட்டையை இழுத்து வந்து, அவர் கதவுக்குக் கீழே போட்டாள்.

"இது நம்ம வீட்டு மணலு. இத மிதிக்கமாட்டேன்னு நீங்க சொல்லல."

கஸ்பார் மூட்டைமேல் இறங்கி நின்றார். அங்கே அவர் தும்மினாராம், அவரே சொன்னார். நான் பார்க்கவில்லை, வாசலுக்கு வெளியே நின்றேன். சத்தம் மட்டும் கேட்டது. அது தும்மல் இல்லை.

அச்சு இன்னும் கப்பலில் வந்துகொண்டிருக்கிறது. இப்போதெல்லாம் காரை ஓட்டுவது அமுதம். இடப்பக்க முன்சீட்டில் கஸ்பார். அபர்தீன் பஜாரில் யாராவது கைகாட்டினால், சவாரி இருக்கிறது என்று அவரே சொல்லிவிடுகிறார்.

இதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். நானும் அந்த வீட்டுக் காப்பியை நம்பிப் பிழைக்கிறவன். கஸ்பார் வந்து யார் சொன்னது என்று கேட்டால், மணல் மூட்டை சொன்னதாகச் சொல்லிவிடுங்கள்.