காலியாக விட்ட ஐந்து கட்டங்கள்

2019 மார்ச் 11, திங்கட்கிழமை, காலை ஒன்பதரை மணி. ஹாம்பர்க் நகரின் ஆல்டோனா பகுதியில், தன் வீட்டுச் சமையலறை மேசையில் கணினியோடு அமர்ந்திருந்த டோர்த்தே லூமன், முந்தைய ஆண்டு தான் முடித்த வேலையில் ஒரு குறை இருப்பதைக் கண்டாள். குறை சிறியது. அதைத் திருத்தப் புறப்பட்டதுதான் பெரிய தவறு.

பல நாட்டினர் கூடி எழுதும் கெர்னல் ஒன்றில், அதாவது கணினியின் மற்ற நிரல்களையெல்லாம் இயக்கும் அடிப்படை நிரலில், அவளுக்கும் ஒரு பங்கு உண்டு. கணினியோடு இணைத்த வட்டை ‘இனி படிக்கலாம், எழுதக் கூடாது’ என்பது போன்ற நிபந்தனைகளுக்கு உட்படுத்துமாறு நிரல்கள் கெர்னலைக் கேட்பதற்காக, ‘சிஸ்டம் கால்’ எனப்படும் அழைப்பு ஒன்றை அவள் வடிவமைத்திருந்தாள். அதில் நிரல் குறியிட்டு அனுப்ப எட்டுக் கட்டங்கள். மூன்றில் நிபந்தனைகள், மீதி ஐந்தும் வருங்காலத்துக்கென்று காலி. அவை காலியாகவே வருகின்றனவா என்று சோதிக்க மறந்துவிட்டாள்.

“இதுக்கா மூஞ்சியை இப்படி வெச்சிருக்கே? காலியா இல்லேன்னா திருப்பி அனுப்புன்னு ஒரு வரி எழுதிட்டுப் போயேன்,” என்றான் கணவன் ஹென்னிங், ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி.

எழுதினாள். கெர்னலின் அப்பகுதிக்குப் பொறுப்பாளரான, நார்வேயின் ட்ரோன்ட்ஹைம் நகரத்து ஓட்வார் மறுபேச்சின்றி ஏற்றார். புதிய சோதனைப் பதிப்பு வெளிவந்த மறுநாளே பாம்பெர்கிலிருந்து, ஒரு பீர் ஆலையின் கணினிகளைக் கவனிக்கும் ரோஸ்விதா என்பவர், எல்லோரும் படிக்கும் அஞ்சல் குழுவில் எழுதினார்: “நேத்து ஓடின நிரல் இன்னிக்கு ஓடலை.”

ஆலையின் நிரல், காலிக் கட்டமொன்றில் நொதித்தொட்டியின் எண்ணை எழுதிவைத்திருந்தது.

“காலிக் கட்டத்துல எதுக்குங்க எழுதினீங்க?” என்று கேட்டாள் டோர்த்தே.

“காலியாத்தானே இருந்துச்சு? வண்டி நிறுத்தக் கூடாதுன்னு பலகை வெச்சீங்களா?” என்று பதில் வந்தது.

கெர்னல் எழுதும் கூட்டத்தாருக்கு மற்ற எல்லாவற்றிலும் நூறு கருத்துகள். ஒன்றில் மட்டும் ஒரே கருத்து. ஓடிக்கொண்டிருக்கும் நிரல் கெர்னலால் நின்றுபோனால், தவறு கெர்னலுடையது. ஓட்வார் அதைச் சுருக்கமாகவே சொன்னார்: “டோர்த்தே, அந்த வரியை எடு.”

எடுத்தால் அவள் பாடு அதோகதி. ஒருவர் தன் கோப்புகள் அனைத்தையும் எந்தக் கணினியில் இணைத்தாலும், அங்கும் அவை அவருடையனவாகவே திறக்கும்படி ஒரு வசதியை மூன்றாண்டுகளாக உருவாக்கி வந்தாள். அது குடியேற வேண்டிய இடம் அந்த ஐந்து கட்டங்களே. கண்டவர் கண்டதை எழுதும் கட்டத்துக்கு எவ்வாறு புதுப்பொருள் தருவது? மாத இறுதிக்குள் வழி பிறக்காவிட்டால் வேலையைக் கைவிடும்படி அவளுக்குச் சம்பளம் தரும் நிறுவனமும் சொல்லிவிட்டது.

வரியை எடுத்தாள். மாற்றாக, கட்டம் காலியில்லை என்றால் அந்தக் கணினியின் பதிவேட்டில் ஓர் எச்சரிக்கை மட்டும் எழுதும்படி செய்தாள். ஆலையின் நிரலோ நொடிக்கு நொடி கெர்னலைக் கேட்பது. எச்சரிக்கைகள் குவிந்து வட்டு நிரம்பியது. தொட்டிகளின் வெப்பநிலைக் கணக்கு நின்றது. ஒரு தொட்டிப் பீர் புளித்துப் போயிற்று.

வட்டு நிபந்தனைகளைப் பற்றி அதுவரை வாய் திறவாதவர்களும் குழுவில் பொங்கி எழுந்தார்கள்.

“எச்சரிக்கைன்னா எச்சரிக்கணும்மா, பீரைக் கொல்லக் கூடாது,” என்று எழுதினான் ஒருவன்.

“பாம்பெர்க் பீரா? ஐயோ, நெஞ்சே அடைக்குதே!” என்றான் இன்னொருவன்.

அதையும் திரும்பப் பெற்று, மூன்றாவதாக, ‘மற்றவற்றை உண்மையிலேயே காலியாக விட்டிருக்கிறேன்’ என்று நிரல் உறுதி கூறுவதற்கென ஒரு கட்டத்தை ஒதுக்கினாள்.

ஓட்வார் கேட்டார்: “குப்பை போடறவன் அந்தக் கட்டத்துல மட்டும் குப்பை போட மாட்டானா?”

குழு இரண்டு நாள் சிரித்தது. டோர்த்தே இரண்டு நாள் கணினியைத் திறக்கவில்லை.

“பாம்பெர்குக்கே நேர்ல போய்க் கேளு. கூப்பிட்டு உக்கார வெச்சு ஒரு பீராவது குடுப்பாங்க,” என்றான் ஹென்னிங்.

ரயில் வழக்கம்போல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. ரோஸ்விதா அஞ்சலில் காட்டிய முகத்துக்கு மாறாக, நேரில் அன்பானவர். புகைவாசனை வீசும் கரிய பீரை நிரப்பி முன்னே வைத்தார்.

“தொட்டி புளிச்சதுக்கு மன்னிச்சிருங்க,” என்றாள் டோர்த்தே.

“அட விடுங்க. குடிங்க முதல்ல. இவ்ளோ தூரம் யாரும்மா வராங்க?”

“அந்த நிரலை மட்டும் கொஞ்சம் மாத்திக் குடுத்தீங்கன்னா, என் மூணு வருஷ உழைப்பு பிழைக்கும்.”

“எனக்கு ஆசைதாங்க. ஆனா அதுல நான் கை வெச்சா எல்லாத் தொட்டியும் நின்னுரும். எழுதினவரு, ஒரு எழுத்தைக் கூடத் தொடாதீங்கன்னு கண்டிப்பா சொல்லிட்டுப் போயிருக்காரு.”

யாரவர் என்று டோர்த்தே கேட்குமுன் அவளது கைப்பேசி ஒலித்தது. ஓட்வாரின் முடிவு குழுவுக்கு வந்திருந்தது. அது வருமாறு: பழைய சிஸ்டம் கால் உள்ளது உள்ளபடியே என்றைக்கும் நீடிக்கும். வேறு எண்ணில் புதியதொன்று அமைக்கப்படும். கட்டங்களின் மொத்த அளவை நிரலே முதலில் தெரிவிக்க வேண்டும். ஆகவே பிற்காலத்தில் எத்தனை கட்டங்களும் சேரலாம். கெர்னலுக்குத் தெரியாத கட்டத்தில் எதை எழுதினாலும் முதல் நாளிலிருந்தே மறுக்கப்படும். டோர்த்தேயின் வேலை அதில் இடம்பெறும்.

டோர்த்தேவுக்குக் கண் கலங்கியது. அஞ்சலை ரோஸ்விதாவுக்குப் படித்துக் காட்டினாள்.

“பாருங்க. முன்னப்பின்னத் தெரியாத ஒரு ஆலைக்காக என்னையே எதிர்த்து நின்னாரு, எனக்கும் வழி பண்ணிக் குடுத்துட்டாரு. இப்படி ஒரு நியாயஸ்தரை நான் பார்த்ததே இல்லீங்க.”

ரோஸ்விதா நுரையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: “யாரு, நம்ம ஓட்வாரா? போன கோடையில இந்த மேசையில உக்காந்துதாம்மா எங்களுக்கு அந்த நிரலையே எழுதிக் குடுத்தாரு!”