குளிரிலேயே நின்ற முள்

செய்முறைக் குறிப்பை வாசிக்காமல் வேலை செய்பவன் கெடுப்பது ஒரு பொருளை. முழுவதும் வாசித்து, அடிக்கோடிட்டு, அதற்கு மேல் தன் சொந்த அக்கறையையும் சேர்ப்பவன் கெடுப்பது ஒரு குடும்பத்தை. நான் இரண்டாவது வகை. வேலைக்காலம் முழுவதும் அரச திணைக்களம் ஒன்றில் சுற்றுநிருபம் எழுதி ஓய்வு பெற்றவன். கோப்பில் நூல் கட்டுவதற்குக்கூட ஒரு ஒழுங்கு உண்டு என்று நம்பியவன், இன்றும் நம்புகிறவன்.

சண்டைக்காலம். கொழும்பில், வெள்ளவத்தையில் குடியிருந்தோம். மாமனார் வழியாக என்னிடம் ஒரு பழைய கார் வந்து சேர்ந்திருந்தது. (சீதனப் பேச்சில் அது இல்லை. வீட்டில் நிறுத்த இடமில்லாமல் தந்துவிட்டார் என்பது பிறகுதான் விளங்கியது.) ஓடும், ஆனால் கொதிக்கும். கொதிப்பதை முன்கூட்டிச் சொல்ல அதில் எந்தக் கருவியும் இல்லை. பொனட்டுக்கு மேலால் ஆவி வந்தால் கொதித்துவிட்டது என்று அர்த்தம்.

அந்த வருடம் என் தம்பி குணம் மஸ்கட்டில் இருந்து கலியாணத்துக்காக லீவில் வந்தான். எங்கள் வழக்கத்தில் தாலி செய்யத் தொடங்குவதற்கு முதல் பொன்னுருக்கு நடக்க வேண்டும். நல்ல நேரத்தில், மாப்பிள்ளையின் கண் முன்னால், பத்தர் பொற்காசை உருக்குவார். ஐயர் குறித்துத் தந்த நேரம் காலை பதினொரு மணியோடு முடிகிறது. அதை விட்டால் அடுத்த நல்ல நாள் ஆடி கழிந்துதான். குணத்தின் லீவோ ஆடி பிறக்கும்போதே முடிந்துவிடும். கொட்டாஞ்சேனையில் இருந்து பத்தரைக் கூட்டி வரும் பொறுப்பு அண்ணனாகிய என்னுடையது.

"அண்ணை, ஓட்டோவிலை போய்க் கூட்டிக்கொண்டு வாங்கோவன்," என்றான் குணம். "உங்கடை கார் கொள்ளுப்பிட்டி தாண்டாது."

இந்த ஒரு வசனம்தான் என்னைப் பஞ்சிகாவத்தைக்கு அனுப்பியது. அங்கே உதிரிப்பாகக் கடையொன்றில் எஞ்சினின் சூட்டைக் காட்டும் மீற்றர் ஒன்று வாங்கினேன். வட்டமான கண்ணாடி முகம், ஒரு முள், ஒரு பக்கம் குளிர், மறுபக்கம் சூடு. கூடவே எஞ்சினில் முறுக்கிப் பூட்டுவதற்கு விரல் நீளத்தில் ஒரு பித்தளைக் குமிழ், சிவப்பு வயர், கறுப்பு வயர், நாலாக மடித்த குறிப்புத் தாள்.

பூட்டுவதற்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை எடுத்தேன். டாஷ்போட்டில் துளை வெட்டினேன். அளவெடுத்துத்தான் வெட்டினேன், ஆனால் மீற்றர் அந்தத் துளைக்குள் தலைகுப்புற விழுந்து மறைந்தது. அதை மீட்டெடுத்து, சுற்றிவரக் கறுப்பு நாடா ஒட்டி நிறுத்தினேன். வயர்களைப் பிடித்து வைக்கும் கிளிப்புகள் போதவில்லை. மிச்ச வயர் டாஷ்போட்டுக்குக் கீழே கோயில் தோரணம் மாதிரித் தொங்கியது.

குமிழைப் பூட்டும் இடத்தில் தண்ணீர் கசியக்கூடாது என்று குறிப்புத் தாள் சொன்னது. அந்த வரியை அடிக்கோடிட்டேன். தண்ணீர்க் குழாய் பூட்டுகிறவர்கள் புரியில் சுற்றும் வெள்ளை நாடாவை எடுத்து, அவர்கள் சுற்றுவதைப் போலப் பல மடங்கு சுற்றி, இறுக்கினேன். ஒரு சொட்டு கசியவில்லை. அந்தக் குமிழின் பித்தளை எஞ்சினின் இரும்பைத் தொட்டால்தான் மின்சாரம் ஓடும், ஓடினால்தான் முள் அசையும், நான் சுற்றிய சுற்றில் இரண்டும் இனி இந்தப் பிறவியில் தொடப்போவதில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.

பின்னேரம் காரை ஸ்டார்ட் பண்ணி நெடுநேரம் ஓட விட்டேன். முள் குளிரிலேயே நின்றது. என் மனைவி ராஜியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் மீற்றரைப் பார்க்காமல் பொனட்டில் உள்ளங்கையை வைத்தாள், உடனே எடுத்தாள்.

"கை சுடுது."

"கை ஒரு அளவுகருவி இல்லை, ராஜி," என்றேன்.

பொன்னுருக்கு அன்று வெள்ளனவே கொட்டாஞ்சேனைக்குப் போய்விட்டேன். பொற்காசு என் சேட்டுப் பையில், ஊசி குத்தின கடதாசிக்குள். (வீட்டில் வைத்தால் பத்திரமில்லையாம். இதுவும் என் ஏற்பாடுதான்.) பத்தர் எழுபதை எட்டிய மனிதர், சந்தனப் பொட்டும் சால்வையுமாக ஏறினார். மடியில் அவருடைய பை: கரி, சின்ன மண்சட்டி, குறடு, ஊதுகுழல், வெங்காரத் தூள், திராவகக் குப்பி. கொச்சிக்கடையில் நெரிசல். கோட்டையைத் தாண்டும்போது வெயில் ஏறிவிட்டது. காலி முகத்திடலுக்கு வந்ததும் பத்தர் மூக்கைச் சுருக்கினார்.

"தம்பி, ஏதோ அவியிற மணம் வருது."

"முள்ளைப் பாருங்கோ பத்தர், குளிரிலை நிக்குது. அது கடல் மணம்."

கொள்ளுப்பிட்டியில், மண்மூட்டை அடுக்கிய ஆமிக் காவல் சென்றிக்கு நேர் முன்னால், கடல் மணம் பொனட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தது. ஆவியில் ரோட்டே தெரியவில்லை. ஆமிக்காரர்கள் மண்மூட்டைக்குப் பின்னால் பதுங்கினார்கள். பிறகு ஒரு இளைஞன் துவக்கை நீட்டியபடி வந்து, எங்களை இறக்கி, உள்ளே குனிந்து பார்த்தான். தொங்கிய வயர்த் தோரணத்தைக் கண்டதும் அவன் முகம் மாறியது.

"மே மொனவாத?"

இவை என்ன என்பது கேள்வி. அந்த நாட்களில் தமிழ் அடையாள அட்டை வைத்திருப்பவன் இந்தக் கேள்விக்குச் சொல்லும் பதிலில்தான் அன்றைக்குப் படுக்கை வீட்டிலா பொலிஸிலா என்பது இருந்தது. என்னிடம் சிங்களம் இருந்தது. திணைக்களப் பரீட்சையில் தேறிய சிங்களம். அதில் கடிதம் எழுதலாம், கதைக்க முடியாது. ஆகவே உஷ்ணத்வமானய, அதாவது வெப்பமானி, என்று தொடங்கி, கருவியின் நோக்கம், பொருத்திய முறை, பயன்கள் என்று ஒரு சுற்றுநிருபத்தையே வாய்ப்பாடமாக ஒப்புவித்தேன். பையன் பயந்துபோய் சார்ஜனைக் கூட்டி வந்தான்.

சார்ஜன் ஆறுதலான மனிதர். முழுவதையும் கேட்டார். பிறகு, இது சூட்டைக் காட்டும் கருவிதானே என்றார். ஓம் என்றேன். எஞ்சின் இப்போது கொதிக்கிறதா என்றார். ஆவிக்குள் நின்றுகொண்டு இல்லை என்று சொல்ல முடியாது. அப்படியானால் முள் ஏன் குளிரில் நிற்கிறது என்றார்.

வேலைக்காலத்தில் எத்தனையோ கணக்காய்வு விசாரணைகளுக்கு மறுமொழி எழுதியிருக்கிறேன். இதற்கு, காருக்குள் கையை விட்டு மீற்றரின் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தேன்.

"சூட்டைக் காட்டவில்லை என்றால் இது சூடு காட்டும் கருவி இல்லை," என்றார் சார்ஜன் சிங்களத்தில், ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் பொறுமையோடு. "அப்படியென்றால், மாத்தயா, இது என்ன?"

அடுத்ததாகப் பத்தரின் பையைத் திறந்தார்கள். கரி. குழல். தூள். திராவகம். அடையாள அட்டைகளை வாங்கிக்கொண்டார்கள். வயர் விளங்கிய ஆட்கள் வந்து பார்க்கும் வரை ஒருவரும் அசையக்கூடாது. அவர்கள் எப்போது வருவார்கள் என்பது சார்ஜனுக்கும் தெரியாது.

பத்தர் மணிக்கூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கெஞ்சி, காவலுக்கு ஒரு ஆமிக்காரனோடு எதிரே இருந்த மருந்துக்கடைக்குப் போய் வீட்டுக்குப் போன் எடுத்தேன். ராஜிதான் எடுத்தாள்.

"எங்கை நிக்கிறியள்?"

"கொள்ளுப்பிட்டிச் சென்றியிலை."

"கொதிச்சிட்டுதோ?"

"முள் குளிரிலைதான் நிக்குது," என்றேன்.

மறுமுனையில் ஆரோ மேளக்காரருக்குத் தேத்தண்ணி கேட்டது காதில் விழுந்தது.

"அங்கையே நில்லுங்கோ. நாங்கள் வாறம்."

நான் திரும்பி வரும்போது, தான் பத்தர்தான் என்பதைப் பெரியவர் செய்து காட்டினால் பையைப் பற்றிய பிரச்சினை தீரும் என்று சார்ஜன் சொல்லிக்கொண்டிருந்தார். பத்தர் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, காசு உங்களிட்டைத்தானே கிடக்கு? நேரமும் கிடக்கு. ஆனா மாப்பிள்ளை வராமல் நான் ஊத மாட்டன். சுட்டாலும் ஊத மாட்டன்."

கடைசி வசனத்தை நான் மொழிபெயர்க்கவில்லை.

ஓட்டோ வந்தது. பட்டுவேட்டியோடு குணம், மடியில் குத்துவிளக்கோடு ராஜி, இருவருக்கும் நடுவில் தேங்காயும் வெற்றிலையும் வைத்த தட்டம். தேங்காயை ஒரு ஆமிக்காரன் காதுக்குக் கிட்டப் பிடித்துக் குலுக்கிப் பார்த்தான். குணம் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டியதில்லை.

குத்துவிளக்கு மண்மூட்டை மேல் ஏறியது. பத்தர் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு நடைபாதையில் குந்தினார். கரி பற்றியது. அந்த இடத்தில் அதிகாரம் ஆரிடம் இருக்கிறது என்பது மெல்ல மாறியது.

"அந்தப் பெரியவர் கிழக்கை மறைச்சுக்கொண்டு நிக்கிறார். தள்ளி நிக்கச் சொல்லுங்கோ," என்றார் பத்தர், சார்ஜனைக் காட்டி.

அரச கருமமொழியான சிங்களத்தில், மிகுந்த தாழ்மையுடன், சார்ஜனிடம் விண்ணப்பித்தேன். அவர் குனிந்து தன் காலடியைப் பார்த்தார், கிழக்கைப் பார்த்தார், இரண்டு அடி தள்ளி நின்றார். அந்த இளைஞன் கேட்காமலே தொப்பியைக் கழற்றினான்.

நான் ஊசியைக் கழற்றிக் காசைக் கொடுத்தேன். பத்தர் குழலை வாயில் வைத்து ஊதினார். கன்னங்கள் உப்பின, கரி சிவந்தது, காசு சிணுங்கிக்கொண்டு ஓரம் மழுங்கி, கடைசியில் உருண்டு ஒரு துளியாகி நின்றது. காலி வீதியில் பஸ்கள் ஹோர்ன் அடித்தன. குணம் தேங்காயை உடைத்தான். அந்தச் சத்தத்துக்கு மட்டும் இரண்டு துவக்குகள் திரும்பின, பிறகு வெட்கப்பட்டுத் தாழ்ந்தன. பதினொன்றாக இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

ராஜி சார்ஜனுக்கு வாழைப்பழம் கொடுத்தாள். அவர் அட்டைகளைத் திருப்பித் தந்தார். பத்தர் பத்தர்தான் என்று ஒப்புக்கொண்டார். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வயர் விளங்கிய ஆட்களுக்காக இனிக் காத்திருக்க வேண்டாம், மீற்றரைக் கழற்றிவிட்டுப் போனால் போதும் என்றார். கழற்றினேன். பூட்ட ஒரு நாள் எடுத்தது, கழற்ற ஒரு இழுவை போதுமாக இருந்தது.

கலியாணம் குறித்த நாளில் நடந்தது. குணமும் மனைவியும் இப்போது ரொறன்ரோவில். தாம்பத்தியத்தில் ஏதும் பிணக்கு வந்தால் மச்சாள் தாலியைத் தூக்கிக் காட்டி, இது ஆமி செக் பண்ணி விட்ட தாலி, லேசிலை கழலாது என்பாளாம்.

போன வருடம் அவர்களுடைய மகனுக்குக் கலியாணம். பொன்னுருக்கை வீடியோவில் எனக்கும் ராஜிக்கும் காட்டினார்கள். பளபளக்கும் மண்டபம், பட்டுச் சேலைகள், தயாராக உட்கார்ந்திருக்கும் பத்தர். எல்லாரும் காத்திருந்தபோது குணம் போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டு வந்தான்.

"அண்ணை, இஞ்சை ஆமிக்காரர் ஒருத்தரும் இல்லை. துவங்கினால் செல்லுமோ?"

மண்டபம் முழுவதும் சிரித்தது. முறைப்படி செல்லாது என்றேன். பக்கத்தில் இருந்த ராஜி போனைப் பறித்து, அவரைக் கேட்காதை தம்பி, நீ துவங்கு என்றாள்.