நாலு டிகிரி

திரையில் நீல மலை ஒன்று நின்றது. நேற்று மாலைவரை அந்த இடத்தில் ஒரு வட்டமும், அதற்குள் நாலு டிகிரியில் ஒரு முள்ளும் இருந்தன. குளிர் அறையின் வெப்பநிலை. மருந்துக் கிடங்கின் ஸ்டோர் கீப்பர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அப்போதும் மலைதான்.

மதியம் ஆய்வாளர் வருகிறார். குளிர் அறை முழுக்க இன்சுலின். வெப்பநிலை எங்கே என்று கேட்டால் மலையையா காட்டுவது? வேலை போனால் போகட்டும் என்று சொல்லவும் வழியில்லை. ஊழியர் குடும்பத்துக்கு இங்கே இன்சுலின் இலவசம். அதை நம்பித்தான் அவர் மனைவியின் கால் இருக்கிறது. புண் வந்து மாதக்கணக்காகிறது, ஆறவே இல்லை.

அந்த வட்டத்தின்மேல் அவருக்குத் தனி மரியாதை. இந்த நாற்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்து முள் ஒரு மயிரிழை நகர்ந்ததில்லை. வெயில் கொளுத்திய நாளிலும் நாலு, கரண்ட் போன நாளிலும் நாலு. மனிதர்களில் அப்படி ஒருத்தரை அவர் பார்த்ததில்லை. சைனஸ் தொல்லை வேறு இருந்ததால் குளிர் அறைப் பக்கமே அவர் போவது கிடையாது. வட்டம் இருக்க என்ன கவலை?

தலைமை அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பார்க்கும் தம்பிக்குப் போன் போட்டார்.

"லினக்ஸ்தானே சார்? ராத்திரி அப்டேட் ஓடியிருக்கும். ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணுங்க."

பண்ணினார். மலை முன்னைவிடப் பளிச்சென்று வந்தது.

"அப்ப அந்த வட்டம், விட்ஜெட்டுன்னு சொல்வோம், அது கழண்டிருக்கும். காலி இடத்துல ரைட் கிளிக் பண்ணுங்க. விட்ஜெட் சேர்க்கறதுக்கு ஒண்ணு வரும், அதுல தேடுங்க."

தேடினார். முதலில் வந்து உட்கார்ந்தது ஒரு ஜோடிக் கண்கள். மவுஸின் அம்பு போகிற பக்கமெல்லாம் அவையும் உருண்டன. அதை எடுக்கத் தெரியாமல், வெப்பநிலை என்று போட்டிருந்த இன்னொன்றைச் சேர்த்தார். முப்பத்தெட்டு என்று காட்டியது. முப்பத்தெட்டாம்ப்பா என்று போனில் அலறினார்.

"அது வெளிய அடிக்கிற வெயில் சார்."

"எனக்கு உள்ள இருக்கறது வேணும்ப்பா."

குளிர் அறையிலிருந்து அட்டைப்பெட்டிகளோடு வந்தாள் பேக்கிங் செய்கிற பெண். ஸ்வெட்டரை இடுப்பில் கட்டியிருந்தாள்.

"ஏம்மா, அதைப் போடாம உள்ள போகாதேன்னு எத்தனை தடவை சொல்றது? சளி புடிச்சா லீவு கேட்டு வந்து நிப்ப."

"பழகிடுச்சு சார். இப்பல்லாம் குளிரே தெரியறதில்ல."

உடம்பு எதற்குத்தான் பழகாது என்று அவர் நினைத்துக்கொண்டார். அதற்குள் செல்போன் அடித்தது. மனைவி.

"டாக்டர் பார்த்துட்டார்ங்க. சுகர் இன்னும் ஏறித்தான் இருக்காம். அடுத்த வாரமும் இறங்கலைன்னா கட்டை விரலை எடுத்துடணுங்கறார்."

பயம் வந்தால் அவருக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

"சக்கரை டப்பாவைப் பீரோவுல வெச்சுப் பூட்டியாச்சு. இன்னும் எங்க போய்த் தின்னு தொலைக்கிற?"

"நான் எதையும் தொடலைங்க. சாவி உங்க பாக்கெட்லதானே இருக்கு."

"அப்ப சுகர் என்ன, சுவரேறிக் குதிச்சு வருதா? மருந்தைக் குறை சொல்லாத. நாலு டிகிரில வெச்சு நானே என் கையால கொண்டு வர்ற மருந்து."

அவள் அழ ஆரம்பித்தாள். அவர் போனை வைத்துவிட்டார்.

பதற்றத்தில் தானே இன்டர்நெட்டில் தேடினார். இந்த ஒரு கட்டளை வரியைப் போட்டால் டெஸ்க்டாப் புதிதாகிவிடும் என்று யாரோ ஒரு புண்ணியவான் எழுதி வைத்திருந்தார். வரியை அப்படியே ஒட்டி, என்டரைத் தட்டினார். மலை போயிற்று. கண்கள் போயின. முப்பத்தெட்டும் போயிற்று. கீழே இருந்த பட்டையும் மெனுவும் சேர்ந்து போய், கன்னங்கரேலென்ற திரையில் அம்பு மட்டும் அனாதையாக நின்றது. மறுபடி தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னார்.

"செட்டிங்ஸை மொத்தமாத் துடைச்சிட்டீங்களே சார்," என்றான் தம்பி. "அந்த வட்டம் எங்க லிஸ்ட்லயே இல்ல. உங்களுக்கு முன்னாடி இருந்தவர் வெச்சதா இருக்கும். அவரையே கேளுங்க."

வேறு கிளைக்குப் போய்விட்ட பழைய ஸ்டோர் கீப்பரை அழைத்தார். வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"சார், ஆய்வாளர் வந்துட்டார்," என்றாள் பேக்கிங் பெண்.

"அண்ணே, குளிர் அறை விட்ஜெட்டைத் தொலைச்சுட்டேன். மானம் போகப்போகுது. என் சம்சாரம் கால் வேற புண்ணாறாமக் கிடக்கு. எப்படியாவது அதை வரவெச்சுக் குடுங்கண்ணே."

"அட, இதுக்கா இந்தப் பாடு? என்கிட்ட இருக்கு, போனுக்கே அனுப்பறேன்."

அவருக்கு உயிர் வந்தது. சட்டைப் பையிலிருந்த பீரோ சாவியை அழுத்திப் பிடித்துக்கொண்டார். சாயங்காலம் அவளிடம் கொஞ்சம் தணிந்து பேச வேண்டும்.

"உங்ககிட்ட எப்படிண்ணே விட்ஜெட் இருக்கும்?"

"விட்ஜெட் எங்க இருந்துச்சு, நல்லா வேலை செஞ்ச நாள்ல திரையைப் படம் புடிச்சு நான் வால்பேப்பராப் போட்டு வெச்சதுதானே அது, குளிர் மெஷின் நான் கிளம்பறப்பவே படுத்துடுச்சு, அதையாவது மாத்திட்டீங்கல்ல?"