பாதி வீட்டில் அரசாங்கம்

மதிப்பிற்குரிய மச்சான் அய்யாக்கண்ணு அவர்களுக்கு, ஜெலுத்தோங்கிலிருந்து மாப்பிள்ளை லோகேஸ்வரன் கைகூப்பி எழுதுவது. தாசேக் கெலுகோரில் நீங்களும் குமுதா அக்காவும் சுகந்தானே? இங்கே நானும் உங்கள் தங்கை ஜெயலெட்சுமியும் நலம். அதில் நான் மட்டும் திவால். வாட்சப்பில் போட்டால் உங்கள் பிள்ளைகள் முதலில் படித்துவிடுவார்கள் என்றுதான் தாளில் எழுதுகிறேன்.

என் கல்யாணப் பந்தல் தொழில் படுத்தது உங்களுக்குத் தெரியும். கோர்ட்டில் என்னைத் திவால் என்று சொன்னதும் ஜெயாவை நினைத்துத்தான் பயந்தேன். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பங்காளிகள் எல்லாருக்கும் தீட்டு; அப்படியானால் புருஷன் திவாலானால் பெண்டாட்டி மட்டும் தப்புவாளா? அன்றைக்கே எனக்கென்று தனித் தட்டு வைத்துக்கொண்டு ஹாலில் படுத்தேன். கோயிலில் குருக்கள், "குடும்பத்துக்கு அர்ச்சனையா?" என்று கேட்டபோது, "இல்ல சாமி, எனக்குத் தனியா, அவளுக்குத் தனியா" என்றேன். அவர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார். அவள் நகைகளை நான் அரிசிப் பையில் சுற்றி உங்களிடம் கொடுத்துவிட்டு வந்ததும் அந்தப் பயத்தில்தான். "இது என்ன காய்ச்சலாங்க, ஒட்டிக்கிறதுக்கு?" என்று சிரித்தாளே தவிர அவள் தடுக்கவில்லை.

போன வாரம் என்னைத் திவால் இலாகாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ரோஹானா என்று ஓர் அதிகாரி. "இந்தத் தீட்டு எப்போது கழியும்?" என்று கேட்டேன். மலாயில் அதை எப்படிச் சொன்னேன் என்று மட்டும் கேட்காதீர்கள். அந்த அம்மா பொறுமையாகச் சொன்னார்: "பந்தல் கடன் உங்க பேர்ல. அதுக்கு உங்க மனைவி ஜாமீன் போடல. அவங்க சம்பளம் அவங்களோடது, நகையும் அவங்களோடது." மச்சான், எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தாலி கட்டிய நாளிலிருந்து நாங்கள் இருவரும் ஒன்று என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். அரசாங்கமோ எங்களைக் கலக்கவே இல்லை!

அதற்கப்புறந்தான் இடி. "வீட்டுக் கடன்ல ரெண்டு பேரும் கையெழுத்து. இனிமே பேங்க் முழுத் தவணையும் அவங்ககிட்ட கேக்கும். வீட்டுல உங்க பாதி இப்ப இலாகா கையில. அத நாங்க விக்கலாம்." எந்தப் பாதி, அடுப்படிப் பக்கமா, ஹால் பக்கமா என்று கேட்டேன். அந்த அம்மா தண்ணீர் குடித்தார். வீட்டுக்கு வந்தபின் ஹாலில் காலை நீட்டவே எனக்குக் கூச்சமாக இருந்தது, அரசாங்கத்தின் மேல் பட்டுவிடுமோ என்று. ஜெயாவோ அந்த இலாகாவிலேயே, "அந்தப் பாதிய நானே வாங்கிக்கலாமா?" என்று கேட்டுவிட்டாள். வாங்கலாமாம்! பாசாரில் மீனுக்கு விலை பேசுகிற அதே குரலில் அரசாங்கத்திடம் என் பாதிக்கு விலை பேசினாள் மச்சான். இத்தனை வருஷம் நான் யாரோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன்!

ஆகவே, ஞாயிற்றுக்கிழமை அந்த அரிசிப் பையோடு அவசியம் வரவும். நகையை விற்று முன்பணம் கட்டாவிட்டால் என் பாதியை வேறு யாராவது வாங்கிவிடுவார்கள். அப்புறம் உங்கள் தங்கை எங்கே போவாள்? பயமாக இருக்கிறது மச்சான்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. ஆண்டவன் உங்கள் வீட்டை முழுசாக வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
லோகேஸ்வரன்

பி.கு.: பையோடு வர வேண்டாம். ஜெயா இதைப் படித்துவிட்டாள். பையில் இருப்பது எல்லாம் கவரிங்காம். நான் மூட்டை கட்டுவதற்கு முன்பே மாற்றிவிட்டாளாம்! அசலை விற்று நேற்றே முன்பணம் கட்டிவிட்டாள். "உங்ககிட்ட சொன்னா ஊருக்கே தெரிஞ்சிரும்லா" என்கிறாள். குமுதா அக்கா அந்தப் பையிலிருந்த ஆரத்தை ஒரு கல்யாணத்துக்குப் போட்டுப் போன படம் பார்த்தோம். நன்றாகவே இருந்தது, அவரிடம் ஒன்றும் சொல்லாதீர்கள். மீதியையும் கட்டிவிட்டால் வீடு முழுவதும் ஜெயாவுடையது. எனக்கு என்ன வாடகை என்று கேட்டேன். "மொதல்ல அந்தத் தனித் தட்ட எடுத்து உள்ள வைங்க" என்றாள்.